கம்ஃபர்டப்ளி நம்: மேடையில் இந்தப் பாட்டை முழுமையாக்குவது யார்?

செங்கல்சுவர் எழுதியது:

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டை மேடையில் எப்போது மிகச் சிறப்பாக வாசித்தார்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் 1994 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் பதிவான 'பல்ஸ்' நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் கடைசி கிடார் சோலோ, அதாவது கிடாரின் தனி வாசிப்பு, என்கிறார்கள். அதன் நீளம், அதன் முழக்கம், அந்த நேரத்தில் அரங்கின் நடுவே உயர்ந்து இதழ் இதழாக விரியும் கண்ணாடி உருண்டை. அந்தப் பதிவின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அது இந்தப் பாட்டின் பாதிதான் என்பது என் உறுதியான கருத்து.

இது இருவர் பாடும் பாட்டு. சரணத்தில் ஒரு மருத்துவர் பேசுகிறார். பல்லவியில் அந்த நோயாளி தன் சிறுவயதுக் காய்ச்சலை நினைத்துக்கொண்டு எங்கோ மிதக்கிறான். மருத்துவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவன் நேராகப் பதில் சொல்வதில்லை. ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், மற்றவர் அங்கேயே இல்லை. 1979 நவம்பரில் குழுவின் 'த வால்' (சுவர்) இசைத்தட்டு வெளியானபோது சரணத்தைப் பாடியவர் பாஸ் கிடார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ், பல்லவியைப் பாடியவர் கிடார் வாசித்த டேவிட் கில்மர். சொற்கள் முன்னவருடையவை, இசை பெரும்பாலும் பின்னவருடையது. அந்தக் காலத்தில் இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள முடியாத நிலைக்கு வந்துகொண்டிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

1985 கடைசியில் வாட்டர்ஸ் குழுவை விட்டுப் போனார். அதன் பிறகு இருவருமே இந்தப் பாட்டைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போனார்கள். கில்மரின் மேடையில் மருத்துவர் இல்லை. வாட்டர்ஸின் மேடையில் நோயாளி இல்லை. 1987 முதல் இந்தப் பாட்டின் மேடை வரலாறு முழுவதும் அந்தக் காலி இடத்தில் யாரைக் கொண்டுவந்து நிறுத்துவது என்ற பிரச்சினைதான். சோலோவை மட்டும் வைத்து மதிப்பெண் போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.


ஆறுதந்தி எழுதியது:

நண்பரே, உரையாடல் என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அந்த உரையாடல் நடப்பதே சோலோவில்தான் என்பது என் வாதம். கொஞ்சம் கோர்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, பார்ப்போம்.

சரணம் பி மைனர். பி மைனரிலிருந்து ஏ, ஜி, இ மைனர் என்று படி இறங்கிவந்து மறுபடி பி மைனருக்கே திரும்புகிறது. எங்கும் போகாத ஒரு சுற்று அது. பல்லவி வந்ததும் டி மேஜர். அங்கே கதவு திறந்து வெளிச்சம் வருகிறது. இரண்டு பகுதிக்கும் ஸ்வரங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆதாரமாக நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது.

இப்போது சோலோக்களைப் பாருங்கள். முதல் சோலோ பல்லவியின் கோர்டுகள் மீது, டி மேஜரில் வருகிறது. அது நோயாளியின் கனவு, இனிமையானது, பாடிக்காட்டக்கூடியது. இரண்டாவது சோலோ எங்கே வருகிறது? சரணத்தின் கோர்டுகள் மீது. அதாவது மருத்துவர் பேசிய அதே பி மைனர் படிக்கட்டில். சொற்களால் பதில் சொல்லாத அந்த நோயாளி, மருத்துவரின் இடத்துக்கே வந்து நின்று கிடாரால் கத்துகிறான். இதைவிட நேரான பதில் வேறு என்ன வேண்டும்? சோலோவை ரசிப்பவர்கள் பாட்டின் பாதியைக் கேட்கிறார்கள் என்ற கருத்தை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இன்னொன்று. இசைத்தட்டில் இருக்கும் அந்த இரண்டாவது சோலோ ஒரே மூச்சில் வாசித்தது அல்ல. கில்மர் ஐந்தாறு முறை வாசித்துப் பதிவுசெய்துவிட்டு, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒலிக்கலவை மேசையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி அதைக் கோத்தார். ஒரு மனிதன் ஒரே நேரத்தில், ஆரம்பம் முதல் முடிவு வரை அந்தச் சோலோவை உயிரோடு வாசித்தது மேடையில்தான். அதனால்தான் மேடைப் பதிவுகளைத் தேடிப்போகிறோம்.


புதுச்செவி எழுதியது:

பாட்டைப் பல வருடங்களாகக் கேட்கிறேன், ஆனால் இந்த மருத்துவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. இது கற்பனைதானா, அல்லது நடந்த ஏதாவது ஒன்றை வைத்து எழுதினார்களா?


நள்ளிரவு ரசிகை எழுதியது:

நடந்ததுதான். 1977ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் பிலடெல்பியாவில் நிகழ்ச்சிக்கு முன் வாட்டர்ஸுக்குக் கடுமையான வயிற்று வலி. வந்த மருத்துவர் ஓர் ஊசி போட்டார், அது வலியோடு சேர்த்து அவருடைய உடலையே மரக்கவைத்துவிட்டது. கையைக்கூடச் சரியாகத் தூக்க முடியாமல் நிகழ்ச்சி முழுவதையும் கடந்தேன் என்று பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அரங்கு நிறைய மக்கள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் வேறெங்கோ இருந்தார். 'த வால்' கதையின் நாயகன் பிங்க் மேடையேறுவதற்கு முன் ஊசி போட்டு எழுப்பப்படும் காட்சி அதிலிருந்து வந்தது.

இசை வேறு வழியாக வந்தது. 1978ல் தன் முதல் தனி இசைத்தட்டைப் பிரான்சில் செய்துகொண்டிருந்தபோது கில்மர் போட்டுவைத்த ஒரு மெட்டு அது. அந்தத் தட்டில் அது இடம்பெறவில்லை. இரண்டையும் சேர்க்கும்போது பெரிய சண்டை. மைக்கேல் கேமனின் ஆர்க்கெஸ்ட்ரா எந்த அளவுக்கு வரவேண்டும், தாளம் எவ்வளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்று இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு வடிவங்களிலிருந்தும் பகுதிகளை எடுத்து ஒட்டினார்கள். நாம் கேட்கும் பாட்டே ஒரு சமரச உடன்படிக்கை.


செங்கல்சுவர் எழுதியது:

மேற்கோள், ஆறுதந்தி: "மருத்துவரின் இடத்துக்கே வந்து நின்று கிடாரால் கத்துகிறான்."

இது அருமையான கவனிப்பு. இதை நான் என் வாதத்துக்கே பயன்படுத்திக்கொள்கிறேன். மருத்துவர் மேடையில் இல்லாதபோது அவருடைய இடத்துக்கு வந்து நிற்பது எப்படி? யாருடைய பேச்சுக்கு அந்தக் கத்தல் பதில்?

1980, 81 நிகழ்ச்சிகளைப் பார்த்தால் நான் சொல்வது புரியும். லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க்கை அடுத்த நசாவ் கொலிசியம், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட், டார்ட்மண்ட். நான்கே இடங்கள், மொத்தம் 31 நிகழ்ச்சிகள். முதல் பாதி நடக்க நடக்க மேடைக்கும் மக்களுக்கும் நடுவே அட்டைப்பெட்டிச் செங்கற்களால் சுவர் எழும்பும். இடைவேளைக்கு முன் கடைசிக் கல்லும் வைக்கப்பட்டுவிடும். இரண்டாம் பாதி தொடங்கும்போது நாற்பது அடி உயரச் சுவர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். குழு அதற்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வந்தவர்கள் ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ராக் இசையில் அதற்கு முன் இவ்வளவு துணிச்சலான காரியத்தை யாரும் செய்ததில்லை என்று நினைக்கிறேன்.

அந்த நிலையில் இந்தப் பாட்டு வருகிறது. வெள்ளை அங்கியோடு வாட்டர்ஸ் கீழே, சுவருக்கு முன்னால் நின்று சரணத்தைப் பாடுகிறார். ஒளி அவர் மீது மட்டும். அவர் முடித்ததும் அந்த ஒளி அணைகிறது. பல்லவியின் முதல் சொல் வரும்போது சுவரின் உச்சியில், பின்னாலிருந்து பாயும் வெளிச்சத்தில் கில்மர் நிற்கிறார். எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் மேலே திரும்பும். அந்த நொடியைப் பற்றி கில்மர் பலமுறை மகிழ்ச்சியோடு பேசியிருக்கிறார். சுவருக்குப் பின்னால் மேலே உயர்த்தும் ஒரு மேடை, அதன்மேல் சக்கரம் வைத்த ஒரு பெட்டி, அது நகராமல் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க அதன்மேல் இவர் கிடாரோடு. அவ்வளவு எளிய ஏற்பாடு.

கீழே ஒருவர், மேலே ஒருவர், நடுவே நாற்பது அடிச் சுவர். கேட்பவர் மேலே பார்க்கிறார், மேலே இருப்பவர் கீழே பார்ப்பதில்லை. பாட்டின் பொருள் முழுவதும் அந்த நிற்கும் விதத்திலேயே வந்துவிட்டது. 2000ல் வெளியான அந்தக் காலப் பதிவுகளின் தொகுப்பில் பாட்டு ஏழரை நிமிடத்துக்கும் குறைவு. சோலோ 'பல்ஸ்' அளவுக்கு நீளம் இல்லை. நீளத் தேவையும் இல்லை.


மார்கழிச்சபை எழுதியது:

நான் கச்சேரி கேட்டு வளர்ந்தவன், ராக் இசைக்குப் பின்னாளில்தான் வந்தேன். சோலோவின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

கில்மர் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் புதிதாக எதையோ வாசிக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது சோலோவின் தொடக்கச் சொற்றொடர்கள் கிட்டத்தட்ட அப்படியே ஒவ்வொரு முறையும் வருகின்றன. அந்த முதல் இறக்கம், அடுத்து உச்சிக்கு ஏறித் தந்தியை இழுத்து நிறுத்தும் இடம், இவை மாறுவதில்லை. கீர்த்தனையில் பாடாந்தரமாக வந்த சங்கதிகளைப் போல அவற்றைக் கெடுக்காமல் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மனோதர்மத்துக்குப் போகிறார். 1980ல் மனோதர்மப் பகுதி சிறியது, 1994ல் மிகப் பெரியது. ஆனால் எந்த இடத்திலும் விரல் வேகத்தைக் காட்ட வாசிப்பதில்லை. பாட்டின் காலப்பிரமாணம் மிக மெதுவானது, நிமிடத்துக்கு அறுபதைச் சற்றே தாண்டிய தட்டுகள். அவ்வளவு மெதுவான தாளத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, அது சாகும்வரை காத்திருப்பதற்கு மனத் தைரியம் வேண்டும்.


ஆறுதந்தி எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள். கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டு காலத்துப் பதிவுகளின் நிறமே வேறு.

இசைத்தட்டிலும் 1980, 81 மேடைகளிலும் வாசித்தது அவருடைய புகழ்பெற்ற கருப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார். 1970ல் நியூயார்க்கில் வாங்கியது. 1987 முதல் 1994 வரை மேடைகளில் அவர் கையில் இருந்தது சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர், அதில் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் இ.எம்.ஜி. பிக்கப்புகள். 'பல்ஸ்' சோலோவின் அந்த அடர்த்தியான, வழவழப்பான, இரைச்சலற்ற ஒலிக்கு அது முக்கியமான காரணம். கருப்பு கிடார் இதற்கிடையில் பல வருடங்கள் அமெரிக்காவில் ஓர் உணவகத்தின் காட்சிப்பொருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்ப வந்தபின் அவர் அதை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சி எது தெரியுமா? 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், உலக வறுமைக்கு எதிராக நடந்த லைவ் 8 நிகழ்ச்சி. வாட்டர்ஸ் திரும்பிவந்த அதே மேடையில் அந்தக் கிடாரும் திரும்பிவந்தது.

2019ல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அந்த ஏலத்தில் வந்த பணம் முழுவதையும் காலநிலைப் பாதுகாப்புக்காக வழக்காடும் ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். அவர் மீது எனக்கு இருக்கும் மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.


நள்ளிரவு ரசிகை எழுதியது:

செங்கல்சுவர் அவர்களின் கேள்விக்கு வருகிறேன். 1987க்குப் பிறகு கில்மரின் மேடையில் மருத்துவர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருந்தார். நீங்கள் அவரைப் பார்க்கவில்லை. அவர் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

1987 முதல் 1994 வரை சரணங்களை மூன்று பேர் சேர்ந்து பாடினார்கள்: ரிச்சர்ட் ரைட், பாஸ் கிடார் வாசித்த கை பிராட், ஜான் கரின். மூன்று குரல்கள் சேர்ந்ததால் ஒரு தனி மனிதர் பேசும் உணர்வு குறைந்துபோனது, அது உண்மை. ஒரு மருத்துவக் குழுவே சூழ்ந்து நிற்பதைப் போல இருக்கும். ஆனால் ரைட் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். 'த வால்' பதிவின்போது வாட்டர்ஸின் வற்புறுத்தலால் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அந்தச் சுவர் நிகழ்ச்சிகளில் அவர் உறுப்பினராக வாசிக்கவில்லை, சம்பளத்துக்கு வாசித்தார். நிகழ்ச்சிகள் பெரும் நட்டத்தில் முடிந்ததால், நால்வரில் பணம் பார்த்தவர் அவர் மட்டும்தான் என்பது தனிக்கதை. தன்னை வெளியேற்றியவரின் வரிகளை, அவர் பாடவேண்டிய இடத்தில் நின்று, பிற்காலத்தில் ரைட் பாடினார். எந்தக் கோபமும் இல்லாத, மென்மையான, கொஞ்சம் களைத்த குரலில்.

2006ல் கில்மரின் தனிச் சுற்றுப்பயணத்தில் அந்தச் சரணங்களை ரைட்டின் குரல் சுமந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று போலந்தின் கிடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில், சாலிடாரிட்டி தொழிலாளர் இயக்கத்தின் நினைவாக நடந்த நிகழ்ச்சியைக் கேளுங்கள். கூடவே பால்டிக் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இருப்பதால் கேமனின் இசைக்கோவை மேடையில் முழு உருவத்தோடு வருகிறது. கடைசிப் பாட்டு இதுதான். வாட்டர்ஸ் பாடும்போது மருத்துவரின் குரலில் ஒரு மிரட்டல் இருக்கும், வேலை நடந்தாக வேண்டும் என்ற அவசரம் இருக்கும். ரைட் பாடும்போது அந்த மருத்துவர் உண்மையாகவே நோயாளிக்காகக் கவலைப்படுகிறார். பாட்டின் பொருளே மாறிவிடுகிறது.

ரைட் 2008 செப்டம்பர் 15 அன்று இறந்தார். அந்தப் பதிவு இசைத்தட்டாக வெளியானது அடுத்த வாரம்.


செங்கல்சுவர் எழுதியது:

ரைட்டைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு முக்கியமானது. கிடான்ஸ்க் பதிவை நான் 'பல்ஸ்' பதிவுக்கு மேலே வைப்பேன், காரணம் நீங்கள் சொன்னதுதான். அங்கே ஒரு தனிக்குரல் பேசுகிறது.

விருந்தினர்களைப் பற்றியும் பேசலாமே. 2001ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ராபர்ட் வயட் சரணங்களைப் பாடியிருக்கிறார். 2002ல் அதே அரங்கில் ஒருநாள் பாப் கெல்டாஃப், ஒருநாள் கேட் புஷ். 2006 மே மாதம் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டேவிட் போவி.


தெற்குக்காற்று எழுதியது:

போவி! மற்ற எவரையும்விட அந்த மருத்துவரைப் புரிந்துகொண்டவர் அவர்தான். கையை அசைக்காமல், உடம்பை அதிகம் ஆட்டாமல், தாழ்ந்த குரலில் ஒவ்வொரு கேள்வியையும் ஓர் அரசு அதிகாரி கேட்பதுபோலக் கேட்கிறார். இந்த மனிதருக்கு நோயாளியின் மீது அக்கறையும் இல்லை, வெறுப்பும் இல்லை. அதுதான் அச்சமூட்டுகிறது. கில்மர் பல்லவிக்கு வரும்போது அந்தக் குளிருக்கும் இந்தச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரிகிறது.

வயட்டின் வடிவம் நேர் எதிர். அவருடைய மெல்லிய, நடுங்கும் குரலில் மருத்துவரே நோயாளியைப் போல ஒலிக்கிறார். எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் பாட்டின் முரண் அங்கே மறைந்துவிடுகிறது. கெல்டாஃபைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

ஆனால் இவ்வளவு நேரமும் எல்லோரும் கில்மரின் மேடையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் பாட்டைச் சுவரின்மேல் மறுபடி ஏற்றியவர் வாட்டர்ஸ். 1990 ஜூலை 21, பெர்லின், போட்ஸ்டாமர் பிளாட்ஸ். உண்மையான சுவர் விழுந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலத்தில், மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னால். கில்மரின் இடத்தில் வான் மாரிசன். அவரோடு 'த பேண்ட்' குழுவின் லெவான் ஹெல்ம், ரிக் டாங்கோ. சோலோக்களுக்கு ரிக் டி ஃபோன்சோவும் ஸ்னோயி வைட்டும் சுவருக்கு மேலே.


ஆறுதந்தி எழுதியது:

வான் மாரிசன் மாபெரும் பாடகர். ஆனால் அந்த நோயாளி மரத்துப்போனவன். மாரிசனின் குரலோ முழுக்க நரம்பும் இரத்தமும். அவர் பல்லவியைப் பாடும்போது எனக்கு அந்த மனிதனுக்கு ஊசியே தேவையில்லை என்று தோன்றுகிறது. கில்மரின் குரலில் இருக்கும் அந்தப் புகைமூட்டம் இல்லாமல் பல்லவி நிற்காது.


தெற்குக்காற்று எழுதியது:

அதற்காகத்தான் அதை விரும்புகிறேன்! மரத்துப்போவதற்கு முன் அந்த மனிதன் எப்படி இருந்தான் என்பது மாரிசனின் குரலில் கேட்கிறது. இழந்தது என்ன என்று தெரிந்தால்தானே இழப்பு வலிக்கும். எல்லோரும் கில்மரைப் போலவே பாடவேண்டும் என்றால் விருந்தினர் எதற்கு?

இன்னொரு செய்தி, நம் பக்கத்து ரசிகர்களுக்கு. வாட்டர்ஸ் 2002 ஏப்ரலில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நிகழ்ச்சி நடத்தினார், 2007ல் மும்பைக்கும் வந்தார். தென்னிந்தியாவில் இந்தப் பாட்டை எழுதியவரின் வாயாலேயே கேட்க முடிந்தது பெங்களூரில்தான். அந்த ஆண்டுகளில் அவர் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. கடைசி சோலோவை ஒருவருக்குக் கொடுக்காமல் இருவருக்குப் பங்கிட்டார். அவருடைய 2000ஆம் ஆண்டு நேரடித் தொகுப்பில் டாயல் பிராம்ஹாலும் ஸ்னோயி வைட்டும் மாறி மாறி வாசிக்கிறார்கள். கில்மரின் இடத்தை ஒரே ஆளால் நிரப்ப முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.


புதுச்செவி எழுதியது:

லைவ் 8 பற்றி ஆறுதந்தி சொன்னார். அதில் நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள் என்றால் அதுதானே செங்கல்சுவர் தேடும் முழுமையான வடிவம்?


செங்கல்சுவர் எழுதியது:

ஆம், அதனால்தான் இந்த இழையையே தொடங்கினேன். 1981 ஜூனில் ஏர்ல்ஸ் கோர்ட்டில் கடைசியாகச் சேர்ந்து வாசித்த நால்வர், 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஹைட் பார்க்கில் நின்றார்கள். நடுவே நீதிமன்ற வழக்கு, பத்திரிகைகளில் பரிமாறிக்கொண்ட கசப்பான சொற்கள் எல்லாம் நடந்து முடிந்திருந்தன. நான்கு பாட்டுகள் வாசித்தார்கள், கடைசி இது.

அங்கே சுவர் இல்லை, உயர்த்தும் மேடை இல்லை. எல்லோரும் ஒரே தளத்தில். வாட்டர்ஸ் சரணத்தைப் பாடுகிறார், சில அடி தூரத்தில் கில்மர் பல்லவியைப் பாடுகிறார். அறுபதைத் தொடும் வயதில் இருவரும், உடையில் எந்த வேஷமும் இல்லாமல். வாட்டர்ஸின் முகத்தைப் பாருங்கள், மற்றவர் பாடும்போதும் அவர் உதடுகள் அசைகின்றன. கில்மரின் முகத்தில் அவ்வளவு தெரியாது, அவர் இயல்பே அப்படி. சோலோ சுருக்கமாக, துல்லியமாக, ஒரு சொல் மிகையில்லாமல் வருகிறது. முடிந்ததும் வாட்டர்ஸ் கூப்பிட, நால்வரும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். கில்மர் தயங்கித்தான் வருகிறார். அந்தத் தயக்கம்கூட எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதில் பொய் இல்லை. நால்வரும் அதன்பிறகு ஒன்றாக மேடையேறவில்லை.

1980ல் அது ஒரு நாடகக் காட்சி. 2005ல் கேட்கிறவரும் பதில் சொல்லாதவரும் உண்மையாகவே அந்த இரண்டு மனிதர்கள். ஆர்க்கெஸ்ட்ரா, லேசர் எதுவும் அதைச் செய்ய முடியாது.


மார்கழிச்சபை எழுதியது:

2011 மே 12 நிகழ்ச்சியை மறந்துவிட்டீர்களே. லண்டன் ஓ2 அரங்கில் வாட்டர்ஸின் 'த வால்' சுற்றுப்பயணம். மற்ற இரவுகளில் ராபி வைகாஃப் பல்லவி பாட, டேவ் கில்மின்ஸ்டர் சோலோ வாசிப்பார். அந்த ஒரு இரவு சுவரின் உச்சியில் கில்மரே நின்றார். அது வந்த வழி அழகானது: 2010 ஜூலையில் பாலஸ்தீனக் குழந்தைகளுக்கான ஒரு நன்கொடை நிகழ்ச்சியில் வாட்டர்ஸ் ஒரு பழைய பாட்டைச் சேர்ந்து பாடினால், பதிலுக்குச் சுவரின்மேல் ஓர் இரவு வந்து வாசிக்கிறேன் என்று கில்மர் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நிகழ்ச்சி முடிவில் சுவர் விழுந்தபின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனும் வந்து சேர்ந்துகொண்டார். ரைட் இல்லை, அவர் மறைந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அதில் வாட்டர்ஸ் கீழேயிருந்து கைகளை விரித்து மேலே பார்க்கும் இடம் ஒன்று உண்டு. 1980ல் அது மருத்துவரின் நடிப்பு. 2011ல் அது அழைப்பு.


ஆறுதந்தி எழுதியது:

அந்த இரவின் சோலோவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டாவது சோலோவின் நடுவில் அவர் வழக்கமான பாதையிலிருந்து வெகுதூரம் போகவில்லை. விருந்தாளியாக வந்த வீட்டில் அளவோடு இருக்கிறார். ஆனால் ஒலி! இவ்வளவு பெரிய அரங்கில் அவ்வளவு உயரத்தில் நின்று அந்த ஒரு தந்தி இழுப்பு வரும்போது கூட்டம் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள். செங்கல்சுவர் அவர்களே, உங்கள் வாதத்துக்கு இது நல்ல சாட்சி, என் வாதத்துக்கும் இதுவே சாட்சி.


தெற்குக்காற்று எழுதியது:

அப்படியென்றால் 2022 வடிவத்தை என்ன செய்வீர்கள்? வாட்டர்ஸ் 'திஸ் இஸ் நாட் எ டிரில்' சுற்றுப்பயணத்தைத் தொடங்கிவைத்ததே இந்தப் பாட்டோடுதான். ஆனால் சுருதியை இறக்கி, இருட்டாக்கி, இரண்டு கிடார் சோலோக்களையும் முழுவதும் நீக்கிவிட்டார். திரைகளில் அழிந்துபோன ஒரு நகரம், மனித உருவங்கள் நிழல்போல நகர்கின்றன. கடைசியில் கிடார் வரவேண்டிய இடத்தில் ஷானே ஜான்சனின் குரல் மட்டும், சொற்கள் இல்லாத ஓலமாக.

பலர் இதைக் கில்மரைப் பழிவாங்கும் செயல் என்று எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பாட்டு அவருடையதும்தான். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு மரத்துப்போனது ஒரு மனிதன் அல்ல, ஓர் உலகம் என்று அவர் சொல்ல விரும்பினார். அதற்கு ஒரு கதாநாயகன் கிடாரோடு உயரத்தில் நிற்கும் காட்சி பொருந்தாது.


ஆறுதந்தி எழுதியது:

நான் கடுமையாக மறுக்கிறேன். பழிவாங்கல் என்று நானும் சொல்லமாட்டேன், மனிதரின் மனத்துக்குள் போய்ப் பார்க்க நமக்கு உரிமையில்லை. இசையை மட்டும் பேசுவோம். நான் மேலே எழுதியதுபோல, இரண்டாவது சோலோ மருத்துவரின் கோர்டுகள் மீது நோயாளி எழுப்பும் குரல். அதை எடுத்துவிட்டால் மருத்துவர் மட்டுமே பேசுகிறார். நோயாளிக்கு வாய்ப்பே தரப்படவில்லை. 1977ல் ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தவர், 2022ல் ஊசி போடுபவராக மட்டும் மிஞ்சிவிட்டார்.


நள்ளிரவு ரசிகை எழுதியது:

ஆறுதந்தி, அந்தப் பெண் குரலை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அந்த ஓலம் நிற்கும் இடம் எது? நீங்கள் சொன்ன அதே இடம். கிடார் போனது, கத்தல் போகவில்லை. எனக்கு அந்த வடிவம் முழுமையாகப் பிடிக்கவில்லை, தாளம் மிகவும் தளர்ந்திருக்கிறது, பல்லவியில் வெளிச்சம் வரவேண்டிய இடத்தில் அது வருவதில்லை. ஆனால் கடைசிப் பகுதி என்னை உலுக்கியது.


ஆறுதந்தி எழுதியது:

கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி கேட்டேன். ஜான்சனின் குரல் வலிமையானது, அதில் சந்தேகமில்லை. சோலோவுக்கு ஈடு என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். கில்மரின் சோலோ ஓரிடத்தில் தொடங்கி இன்னோரிடத்துக்குப் போகிறது. இது தொடங்கிய இடத்திலேயே நின்று அழுகிறது.


புதுச்செவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் உட்கார்ந்து கேட்கப் போகிறேன். எதில் தொடங்குவது?


செங்கல்சுவர் எழுதியது:

முதலில் 1980, 81 தொகுப்பு, கண்ணை மூடிக்கொண்டு. யார் எங்கே நிற்கிறார் என்பதை மனத்தில் வைத்துக் கேளுங்கள். பிறகு லைவ் 8, அதைப் பார்த்தே ஆகவேண்டும். மூன்றாவது கிடான்ஸ்க், ரைட்டின் குரலுக்காக. நேரம் இருந்தால் போவி.


ஆறுதந்தி எழுதியது:

'பல்ஸ்' பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒன்பதரை நிமிடம்தான். அதோடு 2016ல் பாம்பேயின் பழைய ரோமானிய அரங்கில் கில்மர் வாசித்ததையும். 1971ல் பிங்க் ஃபிளாய்ட் பார்வையாளர்களே இல்லாமல் படமெடுத்த அதே கல் அரங்கு. சரணத்தைப் பாடுபவர் கீபோர்டு வாசிக்கும் சக் லெவல், அமெரிக்கத் தெற்கத்திய உச்சரிப்போடு. மருத்துவர் யார் என்ற கேள்விக்கு செங்கல்சுவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள், இரண்டாவது சோலோ தொடங்கும்போது பாஸ் கிடாரையும் ஒரு காதில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.


செங்கல்சுவர் எழுதியது:

லெவல் பாடியது எனக்குப் பிடிக்கும். ஊர்ப்புறத்து மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்பதுபோல இருக்கிறது. பாஸ் கிடார் பற்றி நீங்கள் சொன்னதை வைத்து 1980 பதிவை இன்றிரவு கேட்கிறேன்.